வைகாசியில் வந்த வாடை

என் வயதுக்காரர்களே, வைகாசி மாதத்தில் வாடைக்காற்று வீசி உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? திருகோணமலைக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றால் உடனே சிரிப்பீர்கள். வைகாசியில் நமக்குக் கச்சான்தான். மேற்கே காட்டுப்பக்கமிருந்து அனலாக வரும். கொடியில் போட்ட சேலையை ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய வைத்துவிடும். கடலைத் தடவித் தடவிக் கண்ணாடி போல ஆக்கி வைத்திருக்கும். வாடை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து, மழையைக் கூட்டிக்கொண்டு. ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில், ஒரு வைகாசியில் வாடை வந்தது. நான் பார்த்தேன்.

அப்பா காலநிலைக் கந்தோரில், அதாவது வானிலை அலுவலகத்தில், வேலை பார்த்தார். கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் வெள்ளை அடித்த சின்னக் கட்டிடம் அது. முற்றத்தில் நாலு காலில் நிற்கும் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானிகள். பக்கத்தில் மழையைப் பிடிக்கும் செம்புக் குவளை. உள்ளே சுவரில் என்னைவிட உயரமான கண்ணாடிக் குழாய், அதில் பாதரசம். காற்றின் பாரம் கூடினால் ரசம் ஏறும், குறைந்தால் இறங்கும். அந்த ரசத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது இருந்த ஆசையை இன்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வெள்ளியும் இல்லை, தண்ணீரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் உயிருள்ள சாமான் மாதிரி அது மினுங்கும்.

அதைவிடப் பெரிய அதிசயம் பலூன். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம், என்னைவிடப் பெரிய சிவப்பு ரப்பர் பலூன் ஒன்றுக்கு இரும்புச் சிலிண்டரிலிருந்து வாயு அடைத்து விடுவார்கள். அது மேலே போகப் போக அப்பா ஒரு தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு இலக்கங்களைச் சொல்லுவார். பியோன் எழுதுவார். கந்தோர் வேலிக்கு வெளியே நின்று நான் அண்ணாந்து பார்ப்பேன். கோட்டைக்கு மேலே ஒரு பக்கம் போகும், பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று வேறு பக்கம் திரும்பும். கீழே ஒரு காற்று, மேலே வேறொரு காற்று, அதற்கும் மேலே இன்னொன்று என்று எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. நாங்கள் நடமாடுகிற இந்த நிலத்துக்கு மேலே ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியாத ஆறுகள் ஓடுகின்றன. என் அப்பாவுக்கு அவை ஒவ்வொன்றும் போகும் திசை தெரியும். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளைகளின் அப்பாமார் கடை வைத்திருந்தார்கள், வள்ளம் வைத்திருந்தார்கள். என் அப்பா இன்னும் வராத நாட்களை வைத்திருந்தார்.

யுத்தத்துக்கு முன்பு அந்த நாட்களை அவர் ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைதோறும் ‘வரும் ஏழு நாட்களுக்கான வானிலை’ என்று தலைப்பிட்டுத் தமிழில் தன் கையால் எழுதி, இறங்குதுறைப் பலகையில் ஒட்டுவார். கச்சான் மிதமாக வீசும், கடல் அமைதி, புதன் வியாழன் மாலைகளில் உள்நாட்டில் இடி என்று போகும். கடைசியில் ‘தொழிலுக்குப் போவோர் பயமின்றிப் போகலாம்’ என்று ஒரு வரி. அந்த வரியை எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. அது அப்பா தானாகச் சேர்த்தது. கரை ஆட்கள் சுற்றி நிற்பார்கள், எழுத்துத் தெரிந்த ஒருவர் உரத்து வாசிப்பார்.

யுத்தம் வந்ததும் அந்தத் தாள் நின்றுபோனது. வானிலை இரகசியம் ஆகிவிட்டது. எந்த நாளில் மேகம் இருக்கும், எந்த நாளில் காற்று விழும் என்று எதிரிக்குத் தெரிந்தால் அவன் அந்த நாளைப் பார்த்து வருவான் என்றார்கள். ஒரு சித்திரை மாதக் காலையில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதும், ஊரோடு ஊராக நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளிவெட்டிக்கு ஓடியதும், மாதங்கள் கழித்துத் திரும்பி வந்ததும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். திரும்பி வந்தபோது துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறக் கப்பல்கள். கந்தோருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை அதிகாரியாக வந்திருந்தார். அப்பா வேதப்புத்தகத்துக்குப் பதிலாகத் தேவாரப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்து, ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாராம். காலநிலை பற்றி ஒரு சொல்லும் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் மறியல், ஜெயில்.

அப்பா அந்தச் சத்தியத்தைக் காத்த விதம் வீட்டில் பெரிய பகிடி.

“இண்டைக்கு மிளகாய் காயப் போடலாமோ?” என்று அம்மா கேட்பார்.

“உம்மட விருப்பம்.”

“மழை வருமோ எண்டு கேக்கிறன்.”

“வெளியில போய்ப் பாருமன்.”

“அதைப் பாக்கத்தானே உங்களுக்குச் சம்பளம் தாறாங்கள்?”

அப்பா சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். கரை ஆட்களுக்கு இது பகிடியாக இருக்கவில்லை. தெருவில் மறித்துக் கேட்பார்கள். அப்பா “தெரியாது” என்பார். “தெரிஞ்சுகொண்டு தெரியாதெண்டிறார். வெள்ளைக்காரனோட சேர்ந்து தலைக்கனம் வந்திட்டுது” என்று அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள். எனக்கும் கேட்கும். பள்ளிக்கூடத்தில் என்னிடம் அதையே சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இந்த வயதில் மறைப்பானேன்.

அம்மா சல்லி என்ற கரையூரில் பிறந்தவர். அவருடைய தம்பி, என் மாமா, அங்கே தொழில் செய்துகொண்டிருந்தார். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், மூன்று வள்ளங்கள். அந்தக் காலத்தில் கடலுக்குப் போவதற்கு நேவிக்காரரிடம் பாஸ் எடுக்க வேண்டும். தூரக் கடலுக்கு விடவே மாட்டார்கள். ஆனால் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருஷம் வைகாசியில், கப்பல்களில் இருந்த அத்தனை வாய்க்கும் மீன் வேண்டும் என்று, ஒரு கிழமைக்கு மட்டும் வடக்கே உள்ள திட்டியில் தங்கித் தொழில் செய்யப் பாஸ் கொடுத்தார்கள். திட்டி என்பது கடலுக்குள் கிடந்த ஒரு மணல் மேடு. மரமும் இல்லை, கிணறும் இல்லை. தென்னோலைக் கிடுகால் வாடி என்கிற குடிசை கட்டி, தண்ணீர் கொண்டுபோய், அங்கேயே மீனைக் காய வைத்து எடுத்து வருவார்கள். இரண்டு வருஷமாக ஒருவரும் கை வைக்காத கடல். மீன் குவிந்து கிடக்கும். மாமா சந்தோஷத்தில் பாதி விசரனாகித் திரிந்தார். திங்கட்கிழமை விடியப் புறப்படுவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை மாமா எங்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தார். அப்பா கதிரையில் இருந்தார். முதல் நாள் கந்தோரிலிருந்து வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாமா பேச வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார்:

“வாற வியாழக்கிழமை பிள்ளைக்குக் காது குத்தப் போறம்.”

அம்மா குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கே அது புதுச் செய்தி. என் காது அதுவரை குத்தப்படாமல்தான் இருந்தது. ஏற்பாடு செய்த மாதத்தில் குண்டு விழுந்தது, ஓடினோம், பிறகு அது அப்படியே தள்ளிப்போனது. ஆனால் ஞாயிறு சொல்லி வியாழன் குத்துவார்களா?

“நல்ல விசயம் அத்தான்,” என்றார் மாமா. “அடுத்த கிழமை வைப்பம். நான் திட்டியால வந்திடுவன்.”

“ஏலாது. வியாழன்தான்.”

“வியாழன் அட்டமி!” என்றார் அம்மா.

“இருக்கட்டும்.”

“சோதிடரைக் கேட்டனீங்களோ?”

“நான் ஒருத்தரையும் கேக்கேல்லை. வியாழன் காது குத்திறம். தாய்மாமன்ர மடியில இருத்தித்தானே குத்திறது? நீர் இல்லாமல் நடக்காது.”

மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி. நாளைக்குப் போய்ப் பொடியளை அங்க விட்டிட்டு, நான் மட்டும் புதன்கிழமை சின்ன வள்ளத்தில வாறன்,” என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். “நீர் மட்டும் இல்லை. பன்னிரண்டு பேரும் வேணும். நாளையில இருந்து வேணும். பந்தல் போட ஆள் வேணும்.”

“ஒரு காதுகுத்துக்கு மூண்டு நாள் பந்தலோ அத்தான்? இதென்ன கதை! இப்பிடி ஒரு கிழமை இனி எங்களுக்குக் கிடைக்குமோ?”

அப்போது நான் அதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன். அப்பா மாமாவின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்பா யாரையும் தொட்டுப் பேசுகிற மனிதர் இல்லை. “நான் உம்மட்ட இதுவரை ஒண்டும் கேட்டதில்லை. இதைக் கேக்கிறன்,” என்றார். 

மாமா கையை உருவிக்கொண்டார். மருமகளின் காதுகுத்துக்கு வராத தாய்மாமன் என்ற பேச்சு ஊரில் வந்தால் அது சாகும்வரை போகாது. அப்பா அந்த இடத்தில் பார்த்துப் பிடித்துவிட்டார் என்பது மாமாவுக்கும் தெரிந்தது.

“வாறன்,” என்றார். “அக்காவுக்காக வாறன். பொடியளையும் கூட்டிக்கொண்டு வாறன். இதோட உங்கட வாசல் நான் மிதிக்க மாட்டன்.”

அவர் போன பிறகு அம்மா அப்பாவைத் திட்டியதை நான் எழுதப்போவதில்லை. அரிசி கூப்பனுக்குக் கிடைத்த காலம். கிளிவெட்டியில் எங்களை வைத்திருந்த வீட்டார் தந்த நெல் கொஞ்சம், அம்மா அவசரத்துக்கென்று மூடி வைத்திருந்தார். அதைத்தான் எடுத்துக் குத்த வேண்டியிருந்தது. குத்தும்போது ஒவ்வொரு உலக்கைக்கும் அம்மா ஒரு சொல் சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கள், செவ்வாய். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலம். பன்னிரண்டு பேரும் எங்கள் முற்றத்தில் முறைத்துக்கொண்டு பந்தல் போட்டார்கள். கடலைப் பார்ப்பார்கள், அது கண்ணாடியாகக் கிடக்கும். அப்பாவைப் பார்ப்பார்கள். “இந்தக் கிழமையைத் திண்டு போட்டாரே” என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். நான் அப்பாவிடம் போய், “எனக்குக் காது குத்த வேண்டாம்” என்று அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

புதன்கிழமை காலையில் கடல் மாறியது. காற்று துளிகூட இல்லை. கச்சான் நின்றுபோயிருந்தது. ஆனால் அலை வந்தது. நீளமான, வழுவழுப்பான, அவசரமில்லாத அலை. ஒன்று வந்து, நீங்கள் இருபது எண்ணுவதற்குள் இன்னொன்று வராது. மேல்பரப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அடியில் ஏதோ மிகப் பெரியது ஒன்று மூச்சு விடுகிற மாதிரி முழுக் கடலும் உயர்ந்து தாழ்ந்தது. கரையில் நின்றால் காலடி மண் அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. மாமா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வேறேதோ ஆனது.

மத்தியானம் வெளிக்குடாவில் நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக உள்துறைமுகத்துக்குள் வரத் தொடங்கின. நான் எண்ணிக் களைத்துவிட்டேன். மலை போன்ற கப்பல்கள், புகையைத் தள்ளிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, பயந்துபோன மாட்டு மந்தை பட்டிக்குள் புகுகிற மாதிரி. ஊர் கதிகலங்கிப் போனது. “ஜப்பான் வாறான்!” என்று தெருவில் கத்தினார்கள். தம்பலகாமத்துப் பாதையில் வண்டிகள் போகத் தொடங்கின. எல்லோரும் வானத்தை அண்ணாந்து விமானத்தைத் தேடினார்கள். அவ்வளவு பேரும் வானத்தைத்தான் பார்த்தார்கள், ஒருவருக்கும் அதில் இருந்தது தெரியவில்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் முற்றத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டு நின்றார். “அத்தான், ஓடவேணுமோ?” என்று மாமா கேட்டார். அப்பா, “இல்லை, வாழையை இறுக்கிக் கட்டும்,” என்றார்.

வியாழன் காலை கிழக்கு வானம் செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. காக்கை, கொக்கு, ஒன்றும் இல்லை. மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். தட்டார் வந்தார், வாய்க்குச் சர்க்கரையும் தேங்காய்ச் சொட்டும் தந்தார்கள். முதல் காது குத்தும்போது நான் கத்தினேன். இரண்டாவது காதுக்கு நான் கத்த மறந்துபோனேன். ஏனென்றால் அப்போதுதான் பந்தல் ஓலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து மறுபக்கம் சாய்ந்தன. கடல் பக்கமிருந்து, குளிராக, ஈரமாக, கார்த்திகையின் மணத்தோடு ஒரு காற்று.

“வாடை,” என்றார் மாமா. அவருடைய கை என் இடுப்பில் இறுகியது. “அத்தான்... வைகாசியில வாடை.”

பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். 

அந்த நேரத்தில்தான் வேலிப் படலையில் ஜீப் வந்து நின்றது. கந்தோர்த் துரை இறங்கினார். அப்பா மரியாதைக்குச் சொல்லியிருந்தார். வருவார் என்று நினைக்கவில்லை. சிவந்த, மெலிந்த, இளம் மனிதர். எனக்கு ஒரு டின் பிஸ்கற் தந்தார். இளநீர் கொடுத்தார்கள், குடித்தார். குடித்துக்கொண்டே அந்தப் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். காய்த்த கைகள், உப்பு வெளுத்த தோள்கள். பிறகு காற்றில் படபடக்கிற பந்தலைப் பார்த்தார். பிறகு அப்பாவை. ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அப்பா பதில் சொன்னார். துரை இளநீரை வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் பேசியது எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யுத்தம் முடிந்து, இரகசியமெல்லாம் இரகசியமில்லை என்று ஆன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார். அம்மா எனக்குச் சொன்னார். சனிக்கிழமைதோறும் கப்பல்களுக்கென்று அடுத்த ஏழு நாட்களுக்கான வானிலையை அப்பாவும் துரையும் தயாரித்து, முத்திரை வைத்த உறையில் அனுப்புவார்களாம். அந்தச் சனிக்கிழமை, வங்காளக் கடலில் ஒரு சுழல் பிறந்து இந்தப் பக்கம் திரும்புவது அவர்களுடைய வானிலைப் படத்தில் தெரிந்திருக்கிறது. கரை ஆட்களுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று அப்பா கேட்டார். துரை, “முடியாது. நம் கப்பல்கள் ஒதுங்கப்போவதை எதிரிக்குச் சொன்னதாகும்,” என்றார். வியாழக்கிழமை எங்கள் முற்றத்தில் அவர் சொன்னது: “உன் குடும்பம் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.” அப்பா சொன்னது: “இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும், துரை.”

மத்தியானத்துக்குப் பிறகு அது வந்தது. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ புயல் பார்த்துவிட்டேன், ஊரைப் பிய்த்துப் போட்டவற்றையும் பார்த்தேன். ஆனால் அந்தப் பின்னேரம் போல எதுவும் என்னை வாயடைக்க வைத்ததில்லை. முதலில் அக்கரை மறைந்தது. பிறகு கப்பல்கள் மறைந்தன. பிறகு எங்கள் படலை மறைந்தது. மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. எங்கள் பந்தல் முழுசாக எழும்பி, வாழைமரத்தோடு, பக்கத்து வளவுக்கு மேலால் போனதை நான் யன்னல் இடுக்கால் பார்த்தேன். பன்னிரண்டு மனிதர்களும் எங்கள் கூடத்தில் தோளோடு தோள் ஒட்டி இருந்தார்கள். அம்மா ஆக்கிய சோறு அப்படியே இருந்தது. எனக்குப் பயம் இருந்திருக்க வேண்டும். எனக்கு ஞாபகம் இருப்பது பயம் இல்லை. இதுதான், இதைத்தான் அப்பா ஐந்து நாளாகத் தனியாக நெஞ்சுக்குள் வைத்திருந்தார் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கியது. வெளியே நின்றது எவ்வளவு பெரியதோ, அவ்வளவு பெரியதை.

மறுநாள் காற்று விழுந்ததும் மாமா வடக்குப் பக்கம் கரையால் நடந்து போனார். பின்னேரம் திரும்பி வந்தார். அப்பா முற்றத்தில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“திட்டி இல்லை அத்தான்,” என்றார். “பார்த்தன். திட்டி இருந்த இடத்தில தண்ணிதான் கிடக்குது.”

அப்பா நிமிரவில்லை.

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“எனக்கென்ன தெரியும்.”

மாமா குனிந்து, அப்பாவோடு சேர்ந்து ஓலை பொறுக்கத் தொடங்கினார். வாசல் மிதிக்கமாட்டேன் என்றவர் அன்று இருட்டும்வரை போகவில்லை.

இதோடு இது முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது.

திட்டிக்கு இன்னொரு வள்ளமும் பாஸ் எடுத்திருந்தது. மூதூர்ப் பக்கத்துச் சகோதரர்கள் இருவர். எங்களுக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. மாமா சொல்லிவிட்டுப் போக வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்தாம் நாள் அவர்களில் இளையவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். இருபது வயது இருக்கும். கடலில் மிதந்து கிடந்ததில் முகத்திலும் தோளிலும் தோல் உரிந்து தொங்கியது, உதடு வெடித்திருந்தது. நிற்க முடியாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஓடிப்போய்க் கூட்டி வந்து கதிரையில் இருத்தினார்.

“ஐயாவுக்கு என்னைத் தெரியுதோ?” என்றார் அவர்.

“தெரியும். காக்கா எங்க?” என்றார் அப்பா. அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

“காக்கா இல்லை.”

அப்பா நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்த இளைஞர் அழவில்லை. மெதுவாக, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பது போலச் சொன்னார். “திங்கக்கிழமை விடிய நாங்கள் வள்ளம் தள்ளேக்க ஐயா கரையில வந்து நிண்டனீங்கள். எங்கட வீட்டில காதுகுத்து, பந்தல் போட வாருங்கோ எண்டு கூப்பிட்டனீங்கள். முன்பின் தெரியாத எங்களை. திட்டியால வந்து சாப்பிடுறம் ஐயா எண்டு காக்கா சொன்னவர். நீங்கள் தண்ணிக்குள்ள இறங்கி வந்து திரும்பவும் கூப்பிட்டனீங்கள். மூண்டாம் தரமும் கூப்பிட்டனீங்கள். காக்கா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டி போய்ச் சேருமட்டும் சிரிச்சவர். கந்தோர் ஐயாவுக்கு என்னவோ ஆகிட்டுது எண்டு.” அவர் கொஞ்சம் மூச்செடுத்தார். “கடைசி நேரத்தில, வாடி போய், தண்ணி இடுப்புக்கு வந்த நேரத்தில, காக்காவுக்கு விளங்கினது. ‘தம்பி, அந்த மனிசன் எங்களுக்குச் சொன்னவர்ரா’ எண்டு சொன்னவர். அதை உங்களிட்டச் சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்.”

குற்றம் சொல்ல வந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நன்றி சொல்ல வந்திருந்தார். அதுதான் அப்பாவை உடைத்தது. பெரியவர்கள் அப்படி அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு பேரைக் காத்தவர் ஒருவருக்காக நிலத்தில் கிடந்து அழுதார். “நான் சொல்லேல்லைத் தம்பி. நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு முகத்தைக் கழுவி, கோட்டு மாட்டிக்கொண்டு, அந்த இளைஞரின் கையைப் பிடித்து, மேட்டுக் கந்தோருக்கு நடத்திக் கூட்டிப் போனார். துரையின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாராம். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். உரிந்த தோலோடு அந்த மனிதரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் தானும் நின்றாராம்.  துரை எழுந்து தன் கதிரையை எடுத்து அந்த இளைஞருக்குப் போட்டாராம்.

அடுத்த திங்கட்கிழமை நேவிக்காரர் இறங்குதுறையில் ஓர் அறிவித்தல் போட்டார்கள். செவ்வாயும் புதனும் கடல் மூடப்படும், ஒருவரும் போகக் கூடாது. காரணம் சொல்லப்படவில்லை. அதன் பின்னால் கந்தோர்த் துரை இருந்தார் என்று எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. கரை கொதித்துப்போனது. மாமாவும் அவருடைய ஆட்களும் நேரே எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள்.

“பாருங்கோ அத்தான் இந்த வெள்ளையன்ர வேலையை! வானத்தைப் பாருங்கோ, ஒரு பொட்டு மேகம் இருக்கோ? இவங்களுக்கு விசர். கடலைப் பூட்ட இவங்கட அப்பன் வீட்டுக் கேணியோ? பாவி, எங்கட வயித்தில அடிக்கிறான். வாயில நல்லா வருகுது!”

அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்கினார். துரையை, துரையின் தாயை, நேவியை, யுத்தத்தை, எல்லாவற்றையும் திட்டினார்கள். அப்பா ஒரு இடத்திலும் மறிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “ஓம், ஓம்” என்றார். அவருடைய முகத்தில் இருந்ததை அன்று நான் களைப்பு என்று நினைத்தேன்.

கொஞ்சம் ஓய்ந்தபோது குசினிப் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

“எல்லாருக்கும் தேத்தண்ணி போடும். இருக்கிற சீனி எல்லாத்தையும் போடும். இவையள் இன்னும் கனநேரம் திட்டுவினம்.”